படம் ஊருக்கு, பெயர் யாருக்கு?

புனே போட்டோகிராபர்கள் எடுக்கும் படங்கள் நிமிடத்தில் நாடு முழுக்கச் சுற்றுகின்றன. மூலையில் போட்ட பெயர் மட்டும் பாதி வழியிலேயே காணாமல் போகிறது.

ஞானேஸ்வரரின் பல்லக்கு புனேயில் தங்கி இளைப்பாறிவிட்டு சாஸ்வட் நோக்கிப் புறப்படும் நாளில், திவே காட் மலைப்பாதையில் வார்க்கரிகளுக்கு முன்பாகவே வேறொரு கூட்டம் ஏறிவிடும். கழுத்தில் துளசி மாலைக்குப் பதிலாக கேமரா. தோளில் பை. மழை தூறினால் லென்ஸை மூட ஒரு பிளாஸ்டிக் உறை. கீழே வளைந்து வளைந்து ஏறும் சாலை நிறைய வெள்ளைத் தொப்பிகளும் காவிக் கொடிகளும் தலையில் துளசி மாடம் சுமந்த பெண்களும் நிறைந்து, மனித ஆறு ஒன்று மலையில் ஏறுவது போலத் தெரியும் அந்த ஒரு கணத்துக்காக மணிக்கணக்கில் பாறையில் உட்கார்ந்திருப்பார்கள்.

கணம் வரும். படமும் கிடைக்கும். அன்று மாலையே அது வாட்ஸ்அப்பில் ஏறி, ராத்திரிக்குள் ஏதோ ஒரு அரசியல்வாதியின் ஆஷாட ஏகாதசி வாழ்த்து பேனரில் வந்து நிற்கும். மூலையில் சின்னதாகப் போட்டிருந்த பெயர் இருந்த இடத்தில் இப்போது தலைவரின் கூப்பிய கரங்கள் இருக்கும்.

இது புனேக்கு மட்டுமே உரிய சங்கடம் அல்ல. ஆனால் புனேயில் இது கொஞ்சம் அதிகம். ஒரு நாளைத் தாண்டி நீளும் கணேசர் விசர்ஜன ஊர்வலம், உஜனி அணையின் பின்நீர்ப் பரப்பான பிக்வானில் குளிர்காலத்தில் வந்திறங்கும் பூநாரைகள், சிங்ககட் கோட்டையில் மழைக்காலம் என்று லென்ஸுக்குத் தீனி போடும் விஷயங்கள் நகரைச் சுற்றி ஏராளம். கேமரா வாங்க வசதியுள்ள ஐ.டி. ஊழியர்களும் ஏராளம். இவர்களில் பலருக்கு இது பொழுதுபோக்கு. ஆனால் திருமணம், விளம்பரம், பத்திரிகை என்று படத்தை நம்பிப் பிழைப்பவர்களுக்கு, பெயர் போனால் அடுத்த வாடிக்கையாளரும் போகிறார் என்று அர்த்தம். படத்தைப் பார்த்துத்தான் ஆள் தேடி வருகிறார்கள். பெயர் இல்லாத படத்தைப் பார்த்து யாரைத் தேடுவது?

எனவேதான் வாட்டர்மார்க். நீர்க்குறி என்று தமிழில் சொல்லலாம். அகராதியும் அப்படித்தான் சொல்கிறது. சொல் காகிதத் தொழிலிலிருந்து வந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் ஃபாப்ரியானோ ஊர்க் காகிதப் பட்டறைகளில், கூழை வடிக்கும் சல்லடையில் கம்பியால் ஒரு உருவத்தை வளைத்து வைத்தார்கள். கம்பி பட்ட இடத்தில் காகிதம் மெலிந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உருவம் தெரிந்தது. ரூபாய் நோட்டின் வெள்ளைப் பகுதியில் காந்தி தெரிவது அந்தப் பரம்பரையில் வந்ததுதான். காகிதத்தில் நீர்க்குறி காகிதத்தோடு பிறக்கிறது. அதைப் பிரித்தெடுக்க முடியாது. கம்ப்யூட்டரில் போடும் நீர்க்குறி படத்தின் மேல் ஒட்டப்படுகிறது. பிரச்சினையின் வேர் இங்கே இருக்கிறது.

ஒட்டும் வேலை எளிது. போட்டோஷாப்போ, காசில்லாமல் கிடைக்கும் கிம்ப்போ, எதுவானாலும் படத்தின் மேல் ஒரு புதிய அடுக்கைத் திறந்து, அதில் வட்டத்துக்குள் சி என்ற காப்புரிமைக் குறி, ஆண்டு, பெயர் ஆகியவற்றை எழுதி, அந்த அடுக்கின் அடர்த்தியை முப்பது, நாற்பது சதவீதத்துக்குக் குறைத்தால் கண்ணாடியில் எழுதியது போலப் படம் ஊடாகத் தெரியும். வெளிர் வானத்தில் வெள்ளை எழுத்து மறைந்துபோகும் என்பதால் எழுத்துக்குக் கீழே மெல்லிய நிழல் கொடுப்பார்கள். ஒரு திருமணத்தில் ஆயிரக்கணக்கில் படங்கள் சேரும். அத்தனைக்கும் கையால் போட்டுக் கொண்டிருக்க முடியாது. ஒரு படத்துக்குச் செய்த வேலையைப் பதிவு செய்துவைத்து, மொத்தக் கோப்புறைக்கும் ஓடவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். லைட்ரூம் போன்ற மென்பொருளில் படத்தை வெளியே அனுப்பும் கட்டத்திலேயே குறி தானாக விழும்படி ஏற்பாடு உண்டு.

தமிழிலோ மராத்தியிலோ பெயர் போட விரும்பியவர்கள் நெடுநாள் பட்ட அவஸ்தை தனிக் கதை. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும். ஒகர உயிர்மெய் மூன்று துண்டாக நிற்கும். இத்தனைக்கும் இந்திய மொழிகளைக் கம்ப்யூட்டரில் ஒழுங்காக எழுத வைத்த ஜிஸ்ட் தொழில்நுட்பத்தை நாடெங்கும் கொண்டுபோனது, 1988ல் புனேயில் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனம்தான். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்து அமைப்பில் உலக மொழிகளுக்கான தளவமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் யூனிகோடு தமிழ் உடைந்துபோக வாய்ப்புண்டு. தன் பெயரையே தப்பாகப் பொறித்துப் படத்தை உலகுக்கு அனுப்பியவர்கள் உண்டு.

குறியை எங்கே போடுவது என்பதில்தான் போட்டோகிராபர்களிடையே ஓயாத விவாதம். மூலையில் போட்டால் படம் கெடாது. ஆனால் விரலால் ஓரத்தை நகர்த்தி வெட்டினால் பெயர் போய்விடும். நடுவில் போட்டால் வெட்ட முடியாது. ஆனால் மணப்பெண்ணின் முகத்துக்குக் குறுக்கே ஸ்டுடியோவின் தொலைபேசி எண் ஓடும் படத்தை யார் ரசிப்பார்கள்? படம் முழுக்க வலை போலப் பெயரை நிரப்புவது படம் விற்கும் ஏஜென்சிகளின் வழி. அவர்களுக்கு அது பொருந்தும். காசு கொடுத்தால் குறியில்லாத படம் கிடைக்கும் என்பதே அவர்களுடைய வியாபாரம். பூநாரைக் கூட்டத்தை நண்பர்களுக்குக் காட்ட விரும்பும் பறவை ஆர்வலர் அப்படிச் செய்தால், காட்டியும் காட்டாதது போலத்தான்.

சிலர் நடுவழி கண்டிருக்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் செய்வது இது: பெயரைச் சின்னதாக, படத்தின் முக்கியமான பகுதியோடு ஒட்டி, வெட்டினால் படமே குறைபடும் இடத்தில் வைப்பது. சேலை மடிப்பில், கோட்டைச் சுவரின் கல்வரிசையில், நீரின் அலையில். கண்ணை உறுத்தாது, கத்தரிக்கும் அகப்படாது.

ஆனால் கத்தரியின் காலம் முடிந்துவிட்டது என்பதுதான் இன்றைய நிலை. 2010ல் வந்த போட்டோஷாப் சி.எஸ்.5, ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அழித்தால் அந்த இடத்தைச் சுற்றியுள்ள வானத்தையோ புல்லையோ கொண்டு தானே நிரப்பும் வசதியைத் தந்தது. மின்கம்பியையும் குறுக்கே வந்த ஆளையும் அகற்றத் தந்த வசதி, பெயர்களையும் அகற்றியது. 2017ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரையில் இன்னும் சங்கடமான உண்மையை வெளியிட்டார்கள். ஏஜென்சிகள் லட்சக்கணக்கான படங்களில் ஒரே மாதிரியான குறியை ஒரே மாதிரியாகப் போடுகின்றன. படங்கள் மாறும், குறி மாறாது. எனவே நூற்றுக்கணக்கான படங்களை ஒப்பிட்டால் மாறாமல் இருக்கும் பகுதி எதுவோ அதுவே குறி என்று கம்ப்யூட்டரே கண்டுபிடித்து மொத்தமாகக் கழித்துவிடும். அவர்கள் சொன்ன மாற்று யோசனை, ஒவ்வொரு படத்திலும் குறியின் வடிவத்தை இலேசாக நெளித்துவிடுவது. டீ குடிக்கப் போகும் முன் ஒரே குறியை ஆயிரம் படத்துக்கும் ஓடவிடும் ஸ்டுடியோக்கள் கவனிக்க வேண்டிய தகவல்.

2021ல் கூகுளின் பிக்சல் போனில் அழிப்பான் வசதி வந்தது. 2025 மார்ச்சில், கூகுளின் ஜெமினி செயற்கை நுண்ணறிவு மாடல் ஒன்று, கேட்டால் ஏஜென்சிப் படங்களின் நீர்க்குறியையும் சுத்தமாக நீக்கித் தருகிறது என்று பயனாளர்கள் கண்டுபிடித்துச் செய்தியானது. போட்டோஷாப் தெரிந்த ஆளைத் தேடி அலைந்த காலம் போய், ஒரு வாக்கியம் தட்டச்சு செய்தால் போதும் என்றாகிவிட்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. போட்டோஷாப்பைத் திறக்கும்போதெல்லாம் அதை உருவாக்கியவர்களின் பெயர்ப் பட்டியல் திரையில் வரும். அதில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைப் பார்த்துப் பூரிக்காத தமிழ் டிசைனர்கள் குறைவு. பிறர் பெயரை அழிக்க உதவும் கருவியே தன்னை எழுதியவர்களின் பெயரை மறக்காமல் போடுகிறது.

கண்ணுக்குத் தெரிவதை அழிக்க முடிகிறது என்றால், தெரியாததைப் போட்டால் என்ன? இந்த யோசனைக்கும் வயதாகிவிட்டது. 1996ல் வந்த போட்டோஷாப் 4லேயே டிஜிமார்க் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மறைகுறி வசதி சேர்க்கப்பட்டிருந்தது. படம் என்பது கோடிக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் நிறத்தைக் குறிக்கும் எண்கள். அவற்றை ஒரு திட்டப்படி நூலளவு கூட்டியும் குறைத்தும் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. உரிய மென்பொருள் படித்தால் அதில் ஒளிந்திருக்கும் எண் கிடைக்கும். படத்தைச் சுருக்கினாலும் ஓரளவு வெட்டினாலும் எண் பிழைத்திருக்கும். ஆனால் இது திருட்டைத் தடுக்காது. திருடப்பட்டது இதுதான் என்று அடையாளம் காட்டும், அதுவும் யாராவது தேடிப்போய்ச் சோதித்தால். தெருவில் பேனர் அடிப்பவர் சோதித்துவிட்டா அடிக்கிறார்?

அரசாங்கங்கள் தங்கள் காரியத்தில் கெட்டிக்காரர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பல நாட்டு மத்திய வங்கிகள் சேர்ந்து செய்த ஏற்பாட்டினால், 2003ல் வெளிவந்த போட்டோஷாப் பதிப்பு முதலே சில நாட்டு நோட்டுகளின் படத்தைத் திறக்க முயன்றால் மென்பொருள் மறுத்துவிடும். பணத்தின் படத்துக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு, படம் எடுத்துப் பணம் பார்ப்பவர்களுக்கு இன்னும் வரவில்லை.

இன்னொரு வழி, கோப்புக்குள்ளேயே விவரங்களை எழுதிவைப்பது. எடுத்தவர் பெயர், தொடர்பு, உரிமை விவரம் ஆகியவற்றுக்கென்று சர்வதேசப் பத்திரிகைத் தொலைத்தொடர்புக் கவுன்சில் வகுத்த இடங்கள் ஒவ்வொரு படக் கோப்பிலும் உண்டு. பெரும்பாலான கேமராக்களில் ஒருமுறை பெயரைப் பதித்துவிட்டால் எடுக்கும் படங்களிலெல்லாம் அது தானே ஏறும். இரண்டு நிமிட வேலை. வாங்கி ஐந்தாண்டு ஆகியும் அதைச் செய்யாதவர்கள் பலர். ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த விவரங்கள் உதிர்ந்துவிடும். ஆவணமாக அனுப்பினால் தங்கும். இந்த வித்தியாசம் தெரியாமல், உள்ளே பெயர் இருக்கிறது என்ற நம்பிக்கையில் இருப்பவர்கள் ஏமாறுகிறார்கள். அடோபி, மைக்ரோசாஃப்ட், பி.பி.சி. போன்றவை 2021ல் சேர்ந்து உருவாக்கிய சி2பிஏ என்ற தரம், படம் எந்தக் கேமராவில் பிறந்து எந்தெந்த மாற்றங்களுக்கு உள்ளானது என்ற ஜாதகத்தை முத்திரையிட்டுப் படத்தோடு அனுப்பப் பார்க்கிறது. 2023 அக்டோபரில் அந்த வசதியோடு முதலில் வந்த கேமரா லைக்கா; விலை லட்சங்களில். கல்யாண மண்டபத்துக்கு அது வந்து சேர நாளாகும்.

இதற்கிடையே நீர்க்குறி வேறொரு களத்தில் எதிர்பாராத சாட்சியாக மாறியது. ஸ்டெபிலிட்டி ஏஐ நிறுவனத்தின் மென்பொருள் உருவாக்கிய படங்கள் சிலவற்றில், கெட்டி இமேஜஸ் ஏஜென்சியின் நீர்க்குறி கோணல்மாணலாகத் தெரிந்தது. பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவன் அவனுடைய பெயரையும் சேர்த்து எழுதிய கதை. கெட்டி 2023ல் லண்டனில் வழக்குப் போட்டது. 2025 நவம்பர் 4ல் வந்த தீர்ப்பில், கெட்டியின் பிரதான வாதம் எடுபடவில்லை. அந்த மாடல் படங்களின் பிரதிகளைத் தன்னுள் சேமித்து வைத்திருக்கவில்லை, எனவே அதுவே ஒரு திருட்டுப் பிரதி ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தக் கோணல் நீர்க்குறி தெரிந்த விஷயத்தில், குறுகிய அளவில், வணிகச் சின்ன மீறல் நடந்ததாக ஒப்புக்கொண்டது. கோடிக்கணக்கான படங்களின் உரிமையாளருக்குக் கடைசியில் கைகொடுத்தது, படம் அல்ல. அதன்மேல் போட்ட குறி.

இந்தியச் சட்டத்திலும் குறிக்குப் பலம் உண்டு. பலருக்கு அது தெரியாது. காப்புரிமை என்பது பதிவு செய்தால்தான் வரும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. ஷட்டர் விழும் கணத்தில் உரிமை பிறந்துவிடுகிறது. டெல்லியில் பதிவு செய்வது விருப்பம். படைப்பில் ஒருவர் பெயர் இருந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை அவரே படைப்பாளி என்று கொள்ள வேண்டும் என்கிறது 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. அதாவது மூலையிலுள்ள அந்தச் சின்னப் பெயர், நிரூபிக்கும் சுமையை எதிராளியின் தலையில் ஏற்றிவிடுகிறது.

2012ல் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி போனது. படைப்பாளியின் பெயர், உரிமையாளரின் பெயர், முகவரி, பயன்படுத்தும் நிபந்தனைகள், அவற்றைக் குறிக்கும் எண் ஆகிய எல்லாவற்றையும் உரிமை மேலாண்மைத் தகவல் என்று சட்டம் அழைத்தது. தெரிந்தே அதை அனுமதியின்றி நீக்குவதும் மாற்றுவதும் குற்றம். நீக்கப்பட்டது என்று தெரிந்தே அந்தப் படத்தைப் பரப்புவதும் குற்றம். 65பி பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை, அதோடு அபராதம். தெரிந்தே என்ற சொல்தான் கணக்கு. பெயர் ஏற்கனவே அழிக்கப்பட்ட படத்தை அம்மாவின் குழுவிலிருந்து மாமாவின் குழுவுக்கு அனுப்புகிறவர் இதில் மாட்டமாட்டார். அழித்தவர் மாட்டுவார். அவரைக் கண்டுபிடித்தால்.

வழக்கு என்று வந்தால் ஆதாரம் எது? அசல் கோப்பு. கேமராவிலிருந்து நேரே வரும், பக்குவப்படுத்தப்படாத ரா கோப்பு வைத்திருப்பவர்தான் எடுத்தவர் என்பது நடைமுறை நியாயம். கணேசர் ஊர்வலத்தில் அதே சட்டகத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த பத்துப் படங்களும் கூடவே இருந்தால் எதிராளி வாய் திறக்க முடியாது. எனவே விவரம் தெரிந்தவர்கள் இணையத்தில் ஏற்றுவது சின்ன அளவுப் படத்தை மட்டுமே; பெரியதையும் ராவையும் வீட்டு அலமாரியில் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வைக்கிறார்கள். மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் தேவை. பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தில் அதற்கான பிரிவின் எண்ணும் 65பி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தில் அது 63ஆம் பிரிவு. காப்புரிமைச் சட்டத்திலோ 63ஆம் பிரிவு என்பது காப்புரிமை மீறலுக்கான தண்டனை. எண்களை மட்டும் வைத்துப் பேசிக்கொள்ளும் வழக்கறிஞர்களே ஒரு கணம் தடுமாறுவார்கள். அந்த 63ஆம் பிரிவுக் குற்றம் போலீசார் வாரண்டின்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் சொல்லிவிட்டது. உரிமையாளர் தான் வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம் என்பது மற்றொரு சலுகை. புனேக்காரர் சிவாஜிநகருக்குப் போனால் போதும்.

சலுகைகளை வரிசையாகக் கேட்கும் திருமண போட்டோகிராபர் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார். சட்டத்தின் 17ஆம் பிரிவைப் படித்ததும் சாய்ந்துவிடுவார்.

காசு கொடுத்து, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் கேட்டுக்கொண்டவர்தான். அதாவது மாப்பிள்ளை வீட்டாரோ பெண் வீட்டாரோ. கார்வே சாலைக் கல்யாண மண்டபத்தில் விடிகாலை முகூர்த்தத்திலிருந்து நள்ளிரவு வரவேற்பு வரை நின்று எடுத்த படத்தில், வட்டத்துக்குள் சி போட்டுத் தன் ஸ்டுடியோ பெயரைப் பொறிக்கும்போது, அவர் தனக்கு இல்லாத உரிமையைப் பறைசாற்றிக்கொண்டிருக்கக்கூடும். அந்தப் படங்களை மாதிரிக்கென்று இன்ஸ்டாகிராமில் போடுவதற்கே தம்பதியின் சம்மதம் வேண்டும். ஸ்டுடியோக்காரர்களுக்கு இது அநியாயமாகப் படுகிறது. பெண் வீட்டாருக்கோ, தங்கள் மகளின் மெஹந்திப் படம் ஊர் பேர் தெரியாதவர் போனில் விளம்பரமாக வருவது அதைவிட அநியாயம். இரண்டு தரப்புக்கும் இடையில் இருப்பது முன்பண ரசீது. அதில் பெரும்பாலும் தேதி, தொகை, ஆல்பத்தின் பக்க எண்ணிக்கை தவிர வேறெதுவும் எழுதப்படுவதில்லை. உரிமை யாருக்கு, குறி போடலாமா, இணையத்தில் போடலாமா என்று மூன்று வரி சேர்த்து இரு தரப்பும் கையெழுத்திட்டால் பாதிச் சண்டை இல்லை.

இதிலும் கீழே ஒரு படிக்கட்டு இருக்கிறது. முகூர்த்த மாதங்களில் ஒரே நாளில் மூன்று கல்யாணம் ஒப்புக்கொள்ளும் ஸ்டுடியோ, தினக்கூலிக்கு வெளியாட்களை அனுப்பும். கேண்டிட் எடுப்பவர் ஒருவர், வழக்கமான படத்துக்கு ஒருவர், வீடியோவுக்கு ஒருவர், டிரோனுக்கு ஒருவர். தாலி கட்டும் நேரத்தில் தந்தையின் கண்ணில் திரண்ட நீரைப் பிடித்தவர் அந்தக் கூலிக்காரர். மெமரி கார்டை இரவே ஒப்படைத்துவிட்டுப் போவார். படத்தில் விழும் பெயர் ஸ்டுடியோவுடையது. ஆனால் சட்டம் படைப்பாளி என்று சொல்வது படத்தை எடுத்த ஆளை. உரிமையை விற்றாலும் கொடுத்தாலும், இது நான் எடுத்தது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவரிடமே தங்கும் என்கிறது 57ஆம் பிரிவு. அந்தப் பிரிவை நம்பிக் கூலிக்கு வந்தவர் ஸ்டுடியோ முதலாளியிடம் போய் நின்றால் அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். திருடர்கள் பெயரை அழிப்பதாகப் புகார் சொல்லும் தொழில், தனக்குள்ளேயே ஒரு பெயரை அன்றாடம் அழித்துக்கொண்டிருக்கிறது.

படத்தில் இருப்பவருக்கும், எடுத்தவருக்கும், வெளியிடுபவருக்கும் இடையில் உரிமை எப்படிப் பிரியும் என்பதை 2023ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு சுவாரசியமான வழக்கில் தொட்டது. மனிதர்களின் கதைகளைப் படத்தோடு சொல்லும் ஹ்யூமன்ஸ் ஆஃப் பாம்பே, அதே பாணியில் நடத்தப்பட்ட பீப்பிள் ஆஃப் இந்தியா மீது தொடுத்த வழக்கு. கதை சொல்லும் யோசனைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்றது நீதிமன்றம். ஒரு தரப்பு காசு கொடுத்து எடுக்கவைத்த படத்தை மறுதரப்பு எடுத்தாளக் கூடாது. ஆனால் பேட்டி கொடுத்தவர்கள் தாங்களே கொடுத்த தங்கள் குடும்பப் படங்கள்மீது இரண்டு நிறுவனங்களுக்கும் உரிமை கிடையாது. அடுத்தவர் வீட்டு ஆல்பத்துப் படத்தின்மேல் தன் சின்னத்தைப் பதிக்கும் எல்லாப் பக்கங்களுக்கும் பொருந்தும் சங்கதி இது.

அந்தப் பழக்கத்துக்குப் பழைய படங்கள்தான் அதிகம் இரையாகின்றன. 19ஆம் நூற்றாண்டில் போர்ன் அண்டு ஷெப்பர்டும் ராஜா தீன் தயாளும் கண்ணாடி நெகடிவ்விலேயே பெயரையும் எண்ணையும் எழுதிவைத்தார்கள். போடும் ஒவ்வொரு பிரதியிலும் அது வெள்ளையாக வந்து விழுந்தது. காகித நீர்க்குறி போலப் படத்தோடு பிறந்த பெயர் அது. அதனால்தான் இன்றும் அவர்களுடைய படங்களை நூற்றாண்டு தாண்டியும் அடையாளம் காண முடிகிறது. அந்தப் படங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுகிறவர்களில் சிலர், நெகடிவ்வில் எழுதிய பெயருக்குப் பக்கத்தில் தங்கள் பெயரையும் பெரிதாகப் போடுகிறார்கள். உரிமைக் காலம் எப்போதோ முடிந்துபோன படத்தை அப்படியே பிரதி எடுப்பதால் புதிய உரிமை பிறந்துவிடாது. உழைப்பு மட்டும் போதாது, சிறிதளவாவது படைப்பாற்றல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007ல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் சொல்லியிருக்கிறது. நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் 2017 பிப்ரவரியில் 3,75,000 படங்களை யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று குறியின்றித் திறந்துவிட்டது. இந்தியாவில் நிறுவனங்கள் பலவும் இன்னும் முத்திரையோடுதான் படம் தருகின்றன. பராமரிக்கவும் ஸ்கேன் செய்யவும் செலவாகிறது, எங்கிருந்து வந்தது என்றாவது தெரியட்டும் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். எங்கிருந்து வந்தது என்று சொல்வது வேறு, எனக்குச் சொந்தம் என்று சொல்வது வேறு. வட்டத்துக்குள் சி இரண்டாவதைத்தான் சொல்கிறது.

புனேயிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 1929ல் கோலாப்பூரில் தொடங்கி 1933ல் புனேக்கு வந்த பிரபாத் ஃபிலிம் கம்பெனியின் ஸ்டுடியோ வளாகத்தில்தான் 1960 முதல் திரைப்படக் கல்லூரி இயங்குகிறது. 1964ல் அதே நகரில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் உருவானது, பி.கே. நாயர் அதைப் படிப்படியாகக் கட்டி எழுப்பினார். 2003 ஜனவரியில் கல்லூரி வளாகத்துக் கிடங்கில் பற்றிய தீயில், எளிதில் எரியும் நைட்ரேட் சுருள்களாக இருந்த பழைய படங்கள் கருகின. பிரபாத்தின் அசல் சுருள்களும் அவற்றில் அடக்கம். படச்சுருள் போன பிறகு, அந்தக் காலத்து ஸ்டில் புகைப்படங்களின் மதிப்பு இன்னும் கூடிவிட்டது.

1936ல் வந்த சந்த் துக்காராமின் ஸ்டில்கள் இன்று யூடியூப் முகப்பிலும் வாழ்த்து அட்டையிலும் ஓயாமல் வருகின்றன. 1934ல் பிரபாத் தமிழில் எடுத்த சீதா கல்யாணம் படத்தின் ஸ்டில்களும் அவ்வப்போது வலம் வருகின்றன, ராமராக எஸ். ராஜம், சிறுவனாக எஸ். பாலசந்தர். சினிமாப் படமானாலும் ஸ்டில் ஆனாலும், எந்தக் கணக்கில் பார்த்தாலும் இவற்றின் காப்புரிமை 1990களுக்குள்ளேயே முடிந்துவிட்டது. இவை எல்லாருக்கும் பொது. ஆனாலும் ஒரே ஸ்டில் ஐந்தாறு வெவ்வேறு நீர்க்குறிகளோடு கிடைக்கும்; சிலவற்றில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று பெயர்கள் இருக்கும். எடுத்து அனுப்பியவர், ஸ்கேன் செய்தவர், வண்ணம் தீட்டியவர் என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அன்று படப்பிடிப்பு முடிந்ததும் நடிகர்களை விளக்கொளியில் மறுபடி நிற்கவைத்து, பெட்டிக் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்த ஸ்டில் போட்டோகிராபரின் பெயர் அந்த மூன்றில் ஒன்றாக இருப்பது அபூர்வம்.